கிறிஸ்டினா பதில் எழுதாமல் விட்ட இடம்

2003 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு கிறிஸ்டினாவும் நானும் பேசிக்கொண்டது எனக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

நான்தான் அவளைக் கூப்பிட்டேன். ஒரு ஷூ தொழிற்சாலையின் தோல் இருப்புக்காக எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், என் திரையில் நான்கு வரிப் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு நின்றிருந்தது.

"கிறிஸ்டி, இது கம்பைல் ஆகமாட்டேங்குது."

அவள் நாற்காலியோடு உருண்டு வந்து, உதடு அசையப் படித்தாள்.

"ஐயே, இதுக்கா மூஞ்ச இப்படி வச்சிருக்க? இது உன்னத் திட்டல. கேக்குது."

"என்ன கேக்குது?"

"ரெண்டு பேர்ல யாரு சொல்றத எடுத்துக்கறதுன்னு கேக்குது. நீ இன்னா எழுதியிருக்க? இந்தத் தோலுங்களுக்கு மொத்தம் போடுன்னு எழுதியிருக்க. மொத்தம் போடணும்னா இது எந்த மாதிரி அளவுன்னு தெரியணும்ல? நீ சொல்லல. சரி, நாமளே பாத்துக்கலாம்னு அது தோலாண்ட போய்ப் பாக்குது. அங்க ரெண்டு இருக்குது."

"ரெண்டும் ஒரே டெம்ப்ளேட்தானே?"

"டெம்ப்ளேட் ஒண்ணுதான், அச்சு மாதிரி. அதுக்குள்ள நெரப்பினது வேற வேற. தோலு அளக்கற மெஷின் ஒண்ணு, மெஷின் ரெண்டு. தோலு ரெண்டுகிட்டருந்தும் வாங்கியிருக்குது. ஒண்ணு மட்டும் இருந்தா அதுவே புரிஞ்சிக்கினு போய்டும். ரெண்டு இருந்தா அது இன்னா பண்ணும், பாவம்?"

"ஏதாவது ஒண்ண எடுத்துக்கலாமே."

"எடுத்து, தப்பாப் போச்சுன்னா? அதுக்கு உன்ன விட பயம் ஜாஸ்தி."

"அப்ப நீ ஒண்ண எடுத்துடு. தோலுக்கு ஒரு அளவு போதும்ல?"

"போதாது. எங்கப்பா ஒத்துக்க மாட்டாரு."

"உங்கப்பா சி ப்ளஸ் ப்ளஸ் எழுதறாரா?" என்று கேட்டுவிட்டேன். நான் சாதாரணமாக இப்படிக் கேலி பேசுகிறவள் இல்லை. அவளுக்கு அது பிடித்துவிட்டது. சத்தமாகச் சிரித்தாள்.

"அவரு எழுதியிருந்தா உனக்கு இந்த எரரே வந்திருக்காது. இங்க பாரு பிரிஸ்கி. எந்த எடத்துக்கு எந்த மெஷின்னு உனக்குத் தெரியுதோ, அங்க பேர எழுது. தெரியலயா, அப்படியே விட்டுடு. நிக்கட்டும். நிக்கணும்னுதான் அப்படி வச்சிருக்கேன். புரிஞ்சிதா?"

"புரிஞ்சுது" என்றேன்.

பாதிதான் புரிந்திருந்தது. கம்பைலர் ஏன் நிற்கிறது என்பது புரிந்தது. இரண்டு மெஷின்களுக்கும் அப்படி என்ன வேறுபாடு, ஏன் இரண்டும் வேண்டும் என்பது புரியவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். கேட்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே சிரமம். தலையாட்டிவிட்டுப் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவேன், பார்க்கவும் மாட்டேன்.

நாங்கள் இருந்தது வேலூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள், ஐந்து கணினிகள். நடத்தியவர் மேல்விஷாரத்துக்காரரான இஷ்தியாக் அகமது. தோல் பதனிடும் இடங்களுக்கும் ஷூ தொழிற்சாலைகளுக்கும் இருப்புப் பதிவு செய்யும் மென்பொருள் எழுதித் தருவது எங்கள் வேலை. அந்த வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை எங்களிடம் வந்திருந்தது. அந்தத் தொழிற்சாலைக்காகத்தான் கிறிஸ்டினா இந்த 'அளவு' என்கிற டெம்ப்ளேட்டை எழுதினாள்.

அவளுக்கு அந்தத் தொழிற்சாலை புதிதல்ல. அம்மா அங்கே ஷூவின் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தார். அப்பா ஆரோக்கியசாமி தோல் கிடங்கில் அளப்பவர். கிறிஸ்டினா ஆம்பூரில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்தவள். முதல் வருடம் முழுக்க வகுப்பில் ஒரு வாக்கியமும் விளங்கவில்லை என்பாள். அதனால் ஒரு வழக்கம் வந்திருந்தது. கம்பைலர் சொல்லும் ஒவ்வொரு பிழையையும் அவள் ஊர்ப் பேச்சாக மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள். அறிவிக்கப்படாத பெயர் என்று வந்தால், "இது யாரு வூட்டுப் புள்ளன்னே தெரியாதுங்குது" என்பாள். அணுக முடியாது என்று வந்தால், "வாசல்லயே நிறுத்திட்டான் வாட்ச்மேன்." நான் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாகப் படித்தவள். அந்தச் செய்திகளை ஆங்கிலத்திலேயே படிப்பேன். படித்ததும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அவளுடைய வழி மெதுவானது. ஆனால் அவள் ஒரு பிழையை முழுதாகக் கேட்டு முடிக்காமல் கை வைக்க மாட்டாள்.

காலையில் ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வரும் பாசஞ்சரில் ஏறி, காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வருவாள். ரயிலில் எழுதிப் பார்ப்பதற்கென்று தொழிற்சாலையின் பழைய பேக்கிங் சீட்டுகளை அவள் அம்மா வாங்கி வந்து கொடுப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். "எம்மா, இன்னா படிக்கற, இங்கிலீஷும் இல்ல, கணக்கும் இல்ல?" என்று ஒருநாள் எதிர் சீட்டில் ஒரு ரயில்வேக்காரர் கேட்டாராம். "சண்ட போடற ரெண்டு பேருக்கு நடுவுல எழுதற ஒப்பந்தம் சார்" என்று சொல்லி வைத்தேன் என்றாள்.

சண்டை உண்மையில் இருந்தது. தொழிற்சாலைக்குத் தோல் வரும்போது பதனிடும் இடத்திலேயே ஒரு புதிய மின்னணு மெஷின் அளந்து சீட்டு ஒட்டி அனுப்பும். ஆனால் வெட்டும் பிரிவுக்குக் கொடுப்பதற்கு முன்பு கிடங்கில் ஆரோக்கியசாமி ஒவ்வொரு தோலையும் பழைய மெஷினில் மறுபடி ஓட்டி, தன் கையால் பின்பக்கத்தில் கிரையானில் அளவு எழுதுவார். பத்தொன்பது வருடமாக அவர் எழுதியதுதான் வெட்டும் பிரிவுக்குக் கணக்கு. தோல் போதவில்லை என்று வெட்டுகிறவர்களும், போதும் என்று கிடங்கும் மல்லுக்கு நின்றால், தோலைத் திருப்பிப் போட்டு அவர் எழுத்தைப் பார்ப்பார்கள். அதோடு பேச்சு முடியும். கணினி வரும்போது அவரும் புது மெஷின் மாதிரியே எழுத வேண்டும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். கிறிஸ்டினா இஷ்தியாக் சாரிடம் வாதாடி அதைத் தடுத்தாள். அவர் எழுதுவது அப்படியே இருக்கட்டும், இரண்டையும் புரிந்துகொள்கிற மாதிரி நான் எழுதுகிறேன் என்றாள். அதனால்தான் அவள் எழுதிய தோலுக்கு ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து இரண்டு பெற்றோர்: அப்பாவின் பழைய மெஷின் ஒன்று, புது மெஷின் இரண்டு.

பிப்ரவரியில் ஒருநாள் ஆரோக்கியசாமி அலுவலகத்துக்கு வந்தார். கண் பரிசோதனைக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறி வந்திருந்தார். உயரமான மனிதர். செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டார்.

"உள்ள வாப்பா. இதோ பாரு, இதுதான் நீ" என்று கிறிஸ்டினா திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். மெஷின் ஒன்று.

"நானா? இவ்ளோண்டுதானா?"

"இவ்ளோண்டு இல்ல, உள்ள திறந்தா நெறைய இருக்குது."

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனாலும் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நான் எழுதறது அப்படியே போவுமா?"

"அப்படியே போவும்ப்பா."

"மாத்திச் சொல்லிடாதே?"

"மாத்தாது. இது யாரு எழுதினதுன்னு தெரியலன்னா, தெரியலன்னு சொல்லி நின்னுடும். அந்த மாதிரிதான் எழுதியிருக்கேன். சந்தேகம்னா இவளக் கேளு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "நல்லாருங்கம்மா" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏப்ரலில் கிறிஸ்டினாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரமாவது படுத்திருக்க வேண்டும் என்றார்கள். தோல் எவ்வளவு வந்தது, வெட்டும் பிரிவுக்கு எவ்வளவு போனது, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்கிற ஒப்பீட்டு அறிக்கை மட்டும் அப்போது மிச்சம் இருந்தது. இஷ்தியாக் சார் அதை என்னிடம் கொடுத்தார்.

"சனிக்கிழமை மக்பூல் பாய் வர்றாரும்மா. முடிஞ்சிடும்ல?"

மக்பூல் அகமது அந்தத் தொழிற்சாலையின் மேலாளர். "முடிஞ்சிடும் சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் முடிந்து ஒரே ஓர் இடத்தில் நின்றது. வெட்டும் பிரிவுக்குப் போன தோலுக்கு மொத்தம் போடும் வரி. அதே செய்தி. தோலுக்கு இரண்டு பெற்றோர் இருக்கிறார்கள், எந்த அளவு என்று ஊகிக்க முடியவில்லை.

நான் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மெஷின் ஒன்றின் பகுதியைத் திறந்து பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தைத் தனியாகப் பிரித்து எடுத்து, அதை நான்கால் வகுத்து, திரும்பக் கூட்டியிருந்தாள். பழைய மெஷினில் ஏதோ கோளாறு, அதற்காகச் செய்த சரிக்கட்டல் என்று எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலைக்குப் புது மெஷின் வந்துவிட்டது என்று இஷ்தியாக் சார் பலமுறை சொல்லிக் கேட்டிருந்தேன். உள்ளே பதிந்திருந்த எண்களைப் பார்த்தேன். 5.3, 4.1, 6.2 என்று ஒழுங்காகப் புள்ளி வைத்து இருந்தன. புள்ளி வைத்த எண் தசம எண் என்று ஆறாம் வகுப்பில் படித்தவள் நான். இதில் நான்கால் வகுக்க என்ன இருக்கிறது?

கிறிஸ்டினா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் தொலைபேசி எண்ணை அவளே சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். போனை எடுத்து அந்த எண்ணைச் சுழற்றினேன். மணி போனது. ஓர் ஆண் குரல் "அலோ, யாரு?" என்றது. கடைக்காரரிடம் நான் யார் என்று சொல்லி, அவளைக் கூப்பிடச் சொல்லி, அவள் படுக்கையிலிருந்து எழுந்து வரும் வரை காத்திருந்து, ஜனவரியிலேயே புரிந்துவிட்டது என்று சொன்னதை இப்போது புரியவில்லை என்று சொல்ல வேண்டும். போனை வைத்துவிட்டேன். உடம்பு சரியில்லாதவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வரியில் மெஷின் இரண்டு என்று பெயரை எழுதினேன். கம்பைல் ஆகிவிட்டது. சனிக்கிழமை அறிக்கை போய்விட்டது.

கிறிஸ்டினா மே மாதம் திரும்பி வந்தாள். கண்ணின் ஓரத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. பையை மேசைமேல் வைத்தாள், உட்காரவில்லை.

"இருநூத்தி எம்பது அடி தோலக் காணோமாம்" என்றாள்.

எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. "எங்க?" என்றேன்.

"எங்கப்பா கிடங்குல. ஆயிரத்து இருநூத்தி நாப்பது ஆட்டுத் தோலு. எண்ணிக்கை சரியா இருக்குது, அடி மட்டும் கம்மி. அப்ப இன்னா அர்த்தம்? பெரிய தோல எடுத்துக்கினு அந்த எடத்துல சின்ன தோல வச்சிட்டாராம். பத்து நாளா வூட்ல உக்காந்திருக்காரு, விசாரணை முடியற வரைக்கும் வராதன்னுட்டாங்க. இருநூத்தி எம்பது அடிய எதுல கொண்டு போனாராம், டிபன் பாக்ஸ்லயா?"

அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வெட்டும் பிரிவில் ஒருவன் அவருடைய முகத்துக்கு நேராகவே, "இன்னா சாமி, மவ எழுதின மெஷினே காட்டிக் குடுத்துட்சா?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து வீட்டில் அவர் அவளோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, "நின்னுடும்னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டாராம்.

அவள் தன் கணினியைத் திறக்கும்போது, மேசையில் கிடந்த அறிக்கையின் பிரதியை நான் எடுத்தேன். வெட்டும் பிரிவுக்குப் போன தோல்களின் பட்டியல் பதினெட்டுப் பக்கம். கை பாட்டுக்குப் புரட்டியது. 5.3, 4.2, 5.0, 6.1, 5.3, 4.1. மூன்றாவது பக்கத்தில்தான் கண்ணில் பட்டது. புள்ளிக்குப் பின்னால் நான்கு இல்லை. ஐந்து இல்லை. ஒன்பது இல்லை. ஆயிரத்து இருநூற்று நாற்பது தோலில் ஒன்றில்கூட மூன்றைத் தாண்டிய இலக்கம் இல்லை.

ஆரோக்கியசாமி அடியை நான்காகப் பிரித்து எழுதுபவர். இந்தப் பக்கம் தோல் அளக்கிறவர்கள் காலங்காலமாக அப்படித்தான் எழுதுகிறார்கள். ஐந்து என்று எழுதி அதன் வலது மேல் மூலையில், தோள்மேல் வைத்த மாதிரி, சின்னதாக மூன்று போட்டால் ஐந்தே முக்கால் அடி. தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தோள்மேல் எழுத வழியில்லாததால் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்கள். அவர் எழுதிய ஐந்தே முக்காலை நான் ஐந்து புள்ளி மூன்றாகக் கூட்ட வைத்திருந்தேன். ஒவ்வொரு தோலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருநூற்று எண்பது அடி என் வரியில் போயிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முதுகு எனக்கு எதிரே இரண்டடியில் இருந்தது. நான் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, திரும்ப மேசையில் வைத்தேன்.

கால் மணி நேரத்தில் அவளே கண்டுபிடித்தாள். அந்த வரியில் திரை நின்றது. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தாள். அவள் படுக்கையில் இருந்த வெள்ளிக்கிழமை. அந்த நிரலில் கை வைப்பது நாங்கள் இருவர்தான். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, நான் நிமிரவில்லை. பிறகு அவள் மெஷின் இரண்டு என்பதை மெஷின் ஒன்று என்று மாற்றி, மறுபடி ஓட்டினாள். வித்தியாசம் ஆறடி என்று வந்தது. இரண்டு மெஷின்களுக்கு நடுவில் ஆறடி என்பது ஒன்றுமேயில்லை.

இஷ்தியாக் சார் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்த மாட்டார்.

"எப்படிம்மா ஆச்சு இது? யாரு பண்ணது?"

கிறிஸ்டினா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்காக விடப்பட்டது என்று அங்கே நின்றபோதே எனக்குத் தெரிந்தது. சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது. அதில் மே மாதத்தின் விடுமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என் ஃபைல்தான் சார்" என்றாள் அவள்.

சார் திருத்திய அறிக்கையோடு தானே ஆம்பூருக்குப் போனார். மென்பொருள் எழுதிய பெண் செய்த சின்னப் பிழை, அதை அந்தப் பெண்ணே சரிசெய்துவிட்டாள் என்று மக்பூல் பாயிடம் விளக்கினார். நன்மை செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார். மக்பூல் பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஆரோக்கியசாமியின் மகள்.

அதோடு திருத்தத்துக்கு மதிப்பு போய்விட்டது. அப்பன்மேல் பழி வந்ததும் மகள் கணக்கை மாற்றிவிட்டாள் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சானது. திருட்டு என்று யாரும் எழுதவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் மெஷினில் நிறுத்தவில்லை. பேக்கிங் பிரிவில் ஷூப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட விட்டார்கள். அவர் இடத்தில் வேறொருவர் புது முறைப்படி எழுதத் தொடங்கினார்.

கிறிஸ்டினாவுக்கு அதைவிடப் பெரிய பேஜார் வீட்டில்தான். தான் அளந்தது சரி என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் முதல் அறிக்கை தப்பு என்பதும் தெரியும். அவர் கேட்டது வேறு. அவள் அந்த இடத்தில் நிறுத்தித்தான் வைத்திருந்தாள், அவள் இல்லாதபோது வேறொருவர் பதில் எழுதிவிட்டார் என்று அவள் சொன்னபோது, அவர், "உன் பேருதான போட்டிருக்குது? நீயே ஒத்துக்கினியாமே? தப்புப் பண்ணா பண்ணேன்னு என்னாண்ட சொல்லு, மன்னிச்சிடறேன். அடுத்தவங்க மேல போடாத. நான் உன்ன அப்படி வளக்கல" என்றாராம். சாரிடம் ஒன்று சொல்லிவிட்டு அப்பாவிடம் வேறு சொல்கிறாள் என்பது அவர் பக்கத்தில் நியாயமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்ன பிறகு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதை அவள் வாய்திறந்து கேட்கவும் செய்தாள். ஆம்பூருக்கு வருகிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பஸ் நிலையம் வரை போனேன். ஆம்பூர் பஸ் ஒன்று கிளம்பியது. அடுத்ததும் கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பி, அம்மாவிடம் வெயில் அதிகம் என்றேன். திங்கட்கிழமை கிறிஸ்டினா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. ஜூலையில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நான் போகாததற்குக் காரணம் என்று எழுத எதுவும் இல்லை. அவர் முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை.

ஆரோக்கியசாமி ஒரு வருடம் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார், பிறகு தாமாகவே விலகிக்கொண்டார். கிறிஸ்டினா அந்த டிசம்பரோடு நிறுவனத்தை விட்டாள். இப்போது ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. தொழிற்சாலைகளுக்கு எழுதுவதில்லை.

2007-இல் காட்பாடி நடைமேடையில் அவளைப் பார்த்தேன். கையில் விடைத்தாள் கட்டு. அவள்தான் முதலில், "ஏய் பிரிஸ்கி!" என்றாள். அம்மா எப்படி இருக்கிறார், சென்னையில் தண்ணீர் வருகிறதா, கல்யாணம் எப்போது என்று கேட்டாள். பள்ளிப் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதியிருந்ததைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். "போன வருஷம் தவறிட்டாரு" என்றாள். அந்த விஷயம் கடைசிவரை அவர்களுக்குள் எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அவளும் சொல்லவில்லை. அவள் வண்டி வந்துவிட்டது.

அவளைப் போல நிரல் எழுதுகிறவர்களை அதன்பின் நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வேலையில் எல்லோரும் நிற்கிற இடத்தைத் தள்ளிக்கொண்டு போகத்தான் பார்க்கிறோம். அந்தப் பிழைச் செய்தி இப்போதும் மாதம் ஒருமுறையாவது என் திரையில் வருகிறது. வரும்போது எழுந்து போய் யாரையாவது கேட்கிறேன். அதைக் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்ல முடியவில்லை. ஆரோக்கியசாமிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆம்பூருக்கு வரச் சொல்லி அவள் என்னைக் கேட்டது 2003-இன் அந்த மே மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை மாலை. வேலை முடிந்து இருவரும் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தோம். மருந்துக் கடைக்கு மேலே நான்காவது படியில் அவள் நின்றுவிட்டாள். கீழே கூட்டம் இருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"பிரிஸ்கி, ஏன் அப்படி எழுதினன்னு நான் உன்ன ஒண்ணும் கேக்கல, கேக்கவும் மாட்டேன். சார்கிட்ட நீ சொல்ல வேணாம். மக்பூல் பாய்கிட்டயும் வேணாம், அவங்க இனிமே அப்பாவ மெஷின்ல நிறுத்தப் போறதில்ல. ஞாயித்துக்கெழம மட்டும் ஆம்பூருக்கு வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து நிக்கறேன். எங்கப்பா உன்னத் திட்ட மாட்டாரு, அவருக்குத் திட்டவே வராது. நீ ஜாஸ்தி பேச வேணாம். அந்த எடத்துல நான் நிறுத்திதான் வச்சிருந்தேன்னு அது மட்டும் அவராண்ட சொல்லிடு."